சிங்கப்பூருக்கு வீடு, கோலாலம்பூருக்குக் கார்

சிங்கப்பூரில் பதிவான கார் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குள் நுழைய வேண்டுமானால், அதன் டாங்கில் குறைந்தது முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். 1989இல் அரை டாங்க் என்று தொடங்கி, 1991இல் முக்கால் டாங்க் ஆக்கிய விதி இது. அக்கரையில் பெட்ரோல் அவ்வளவு மலிவு. எல்லாரும் காலி டாங்கோடு போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதுதான் காரணம். அந்தப் பக்கமும் ஒரு விதி உண்டு. 2010இலிருந்து வெளிநாட்டுப் பதிவெண் உள்ள வண்டிகளுக்கு மலேசியாவில் ரான் 95 ரகப் பெட்ரோல் விற்கக்கூடாது. அது மலேசிய அரசின் மானியத்தில் ஓடும் பெட்ரோல்.

ஒரே கடற்பாலத்தின் இரு முனைகளிலும் பெட்ரோலுக்கு இத்தனை காவல். சிங்கப்பூர், கோலாலம்பூர் என்ற இரண்டு தலைநகரங்களின் அன்றாட வாழ்க்கை எங்கே பிரிந்தது என்று தேடுகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

1965 ஆகஸ்ட் 9 வரை இரண்டும் ஒரே நாட்டின் நகரங்கள். 1973 வரை இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்று என்று மாறியது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சாலை வழியே போனால் இடையில் சுமார் 350 கிலோமீட்டர்தான். இரண்டிலும் மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும். இரண்டிலும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும். சிங்கப்பூர் என்றால் கண்டிப்பு, சுத்தம், அபராதம். கேஎல் என்று சுருக்கிச் சொல்லும் கோலாலம்பூர் என்றால் கொஞ்சம் தளர்வு, கொஞ்சம் குழப்பம், நிறையச் சாப்பாடு என்று பயணக் கட்டுரைகள் எழுதித் தீர்த்துவிட்டன. அதில் பொய்யில்லை. ஆனால் அங்கே குடியிருக்கும் ஒருவருக்குச் சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கழிகிறது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

அதற்கு வேறொன்றைக் கேட்க வேண்டும். அரசு எந்தப் பொருளின் விலையில் கை வைத்தது? சிங்கப்பூர் அரசு வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, காரை எட்டாத விலைக்கு ஏற்றியது. மலேசிய அரசு காரையும் பெட்ரோலையும் கைக்கு எட்டும்படி வைத்தது, வீட்டைப் பெரும்பாலும் சந்தையிடம் விட்டது. சாப்பாடு, அக்கம்பக்கம், பிள்ளைகளின் பள்ளி, முதியவர்களின் சாயங்காலம் என்று மற்ற வித்தியாசங்கள் பலவும் இதன் கிளைகள்தான் என்பது என் எண்ணம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1999இலிருந்து மலேசிய அரசு அலுவலகங்கள் புத்ராஜெயாவுக்கு மாறத் தொடங்கின. ஆனால் நாடாளுமன்றமும் அரண்மனையும் கேஎல்லில்தான், சட்டப்படி தலைநகரமும் அதுவே. அந்த நகர எல்லைக்குள் இருப்பவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், காஜாங் என்று சுற்றிப் பரந்திருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் 80 லட்சத்துக்கும் மேல். கேஎல் வாழ்க்கை என்று நான் சொல்வது இந்த மொத்தப் பரப்பையும்தான். சிங்கப்பூருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. நாடே தலைநகரம், 60 லட்சம் பேர்.

வீவக வீடும் தாமான் வீடும்

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. சிங்கப்பூர்த் தமிழர்கள் சுருக்கமாக வீவக என்பார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பற்றிய தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களுக்காக அவசரமாக எழுந்த அடுக்குமாடிகள்தான் பின்னால் வந்ததற்கெல்லாம் முன்மாதிரி. இன்று சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக எண்ணினால், பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வீவக வீடுகளில் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை வாடகை வீடுகள் அல்ல, 99 ஆண்டுக் குத்தகையில் வாங்கியவை.

வாங்க முடிந்ததற்குக் காரணம் மத்திய சேம நிதி. 1968இலிருந்து அந்த நிதியிலிருந்தே வீட்டுக் கடனைக் கட்டலாம். 55 வயதுக்குட்பட்ட ஊழியரின் சம்பளத்திலிருந்து 20 சதவீதம், முதலாளி தரப்பில் 17 சதவீதம், ஆக 37 சதவீதம் மாதாமாதம் அங்கே போகிறது. கைக்கு வரும் சம்பளத்தைத் தொடாமலேயே வீட்டுத் தவணை கழிந்துவிடும் குடும்பங்கள் ஏராளம். மலேசியாவின் ஊழியர் சேமநிதியில் ஊழியருக்கு 11, முதலாளிக்கு 12 அல்லது 13 சதவீதம். அதிலும் ஒரு பகுதியை வீட்டுக்கு எடுக்கலாம், ஆனால் வீட்டுச் சந்தையே அதை நம்பி நடப்பதாகச் சொல்ல முடியாது.

வீட்டை அரசு கொடுக்கும்போது யாருக்கு, எப்போது, எங்கே என்பதையும் அரசே தீர்மானிக்கிறது. சிங்கப்பூர் இளைஞர்களின் காதலில் ‘வீட்டுக்கு விண்ணப்பம் போடலாமா’ என்று கேட்பதுதான் கல்யாணம் பேசுவது என்று ஒரு பழைய வேடிக்கை உண்டு. புது வீடு கட்டி முடிய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், முகூர்த்தத்தை வீட்டுச் சாவிக்கு ஏற்றபடி நகர்த்துவதும் உண்டு. கல்யாணமாகாதவர் தனியாக வாங்க 35 வயது ஆக வேண்டும். வாங்கினால் குறைந்தது ஐந்தாண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும். மறுவிற்பனை வீட்டைப் பெற்றோரின் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் தனி மானியம். அம்மா வீடு இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி என்பது அந்த ஊரில் மிகச் சாதாரணம். அதில் பாசத்தோடு கொள்கையும் கலந்திருக்கிறது.

1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையைத் தமிழர்கள் கொஞ்சம் நெருக்கமாகவே அறிவார்கள். புளோக் எனப்படும் ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தியர் பங்கு நிரம்பிவிட்ட புளோக்கில் ஒரு சீனர் வீட்டை விற்றால் அதை இந்தியர் வாங்க முடியாது. சீனர் பங்கு நிரம்பிவிட்ட புளோக்கில் இந்தியர் வீட்டை விற்றாலோ சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவு, ஆகவே விலையும் இறங்கும். பல ஆண்டு முணுமுணுப்புக்குப் பிறகு, 2022இல் அப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டை வீவகவே திரும்ப வாங்க வழி செய்தார்கள். எந்த இனமும் தனியாக ஒரு பேட்டையில் ஒதுங்கவில்லை என்ற பலன் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கான செலவு சிறுபான்மையினர் மீதே கூடுதலாக விழுந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேஎல்லில் நடுத்தரக் குடும்பத்தின் கனவு வீட்டைத் தாமான்களில் பார்க்கலாம். தாமான் என்றால் தனியார் நிறுவனம் வரிசையாகக் கட்டி விற்கும் குடியிருப்பு. இரண்டு மாடி, முன்னால் காருக்கு இடம், பின்னால் அடுப்படியை நீட்டிக் கட்டிக்கொள்ள நான்கடி. கல்யாணம் ஆனதா, எத்தனை வயது, என்று யாரும் கேட்பதில்லை, பக்கத்து வீடுகளில் எந்த இனம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதும் இல்லை. அதற்காக இனத்துக்கும் வீட்டுக்கும் அங்கே சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. புதுக் குடியிருப்புகளில் மலாய்க்காரர் உள்ளிட்ட மண்ணின் மைந்தர்களான பூமிபுத்திராக்களுக்கென ஒரு பங்கு ஒதுக்கீடும் விலைத் தள்ளுபடியும் உண்டு. நகருக்குள் விலை ஏற ஏற, கட்டுபடியாகும் தாமான் ராவாங், செமினி, நீலாய் என்று தள்ளித் தள்ளிப் போகிறது.

அந்தச் சந்தைக்குள் நுழையவே முடியாதவர்களுக்குப் பிபிஆர் எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகள். மூன்று அறை வீட்டுக்கு மாத வாடகை 124 ரிங்கிட்தான். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, முதலில் புறம்போக்குக் குடிசைகளிலும் பிறகு இந்த அடுக்குமாடிகளிலும்தான் சேர்ந்தன. பழுதாகிக் கிடக்கும் லிஃப்ட் அங்கே தீராத புகார். வெளித்தோற்றத்தில் பிபிஆரும் வீவகவும் உறவுக்காரர்கள்தான். ஆனால் சிங்கப்பூரில் மாடி வீடு பெரும்பான்மையின் வீடு, அதனால் லிஃப்ட் நின்றால் நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தலைவலி. கேஎல்லில் அது ஏழைகளின் வீடு.

மைவி ஓடும் ஊர்

மலேசியா 1983இல் புரோட்டோன் கார் நிறுவனத்தைத் தொடங்கியது. டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்த காலம். மிட்சுபிஷி துணையோடு 1985இல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. வெளிநாட்டுக் கார்களுக்குக் கடும் வரி போட்டு அதைக் காப்பாற்றினார்கள். 1993இல் பெரோடுவா என்ற இரண்டாவது நிறுவனம், அடுத்த ஆண்டு அதன் கஞ்சில் கார், 2005இல் மைவி. இன்று கேஎல் சாலையில் ஐந்து நிமிடம் நின்றால் மைவியை எண்ணி மாளாது. பெரோடுவாவின் ஆக்சியாவில் அடிப்படை ரகம் 2023இல் 22,000 ரிங்கிட்டுக்கு வந்தது. கடனை ஒன்பது ஆண்டு வரை நீட்டிக்கொள்ளலாம். முதல் வேலை கிடைத்த 22 வயதுப் பையனோ பெண்ணோ முதலில் போடும் பெரிய கையெழுத்து கார்க் கடனில்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் அந்த வயதில் கார் என்பது பேச்சுக்கே வராது. 1990இலிருந்து கார் வாங்க முதலில் வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். மாதம் இரண்டு முறை ஏலம், பத்தாண்டுதான் செல்லும். அண்மை ஆண்டுகளில் அந்தச் சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. காரின் விலை, பதிவுக் கட்டணம், வரி எல்லாம் அதற்கு மேல். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை என்பதே கொள்கை. ஒன்று கழிந்தால்தான் இன்னொன்று. மூன்றில் ஒரு குடும்பத்திடம்தான் கார் இருக்கிறது. மலேசியாவிலோ பதிவான வாகனங்களின் எண்ணிக்கை மக்கள்தொகையையே தாண்டிவிட்டது. ஓடாமல் கிடப்பதும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்த கணக்குதான், இருந்தாலும்.

கார் மலிவானால் நகரம் அதற்கேற்ப நீளும். கேஎல்லில் தனியார் நிறுவனங்கள் நெடுஞ்சாலை போட்டு டோல் வசூலித்தன, அதன் இரு பக்கமும் புதுத் தாமான்கள் முளைத்தன, அங்கிருந்து வேலைக்கு வர அதே நெடுஞ்சாலை. ஊருக்குள்ளேயே வேலைக்குப் போய்வர ஒரு நாளில் இரண்டு மூன்று டோல் கட்டுகிறவர்கள் சர்வசாதாரணம். டோல் கட்ட 1997இல் வந்த டச் அண்ட் கோ அட்டை பணப்பையில் அடையாள அட்டைக்கு அடுத்தபடி இருக்கும். 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் இந்த ஊரின் குணத்தை ஒரே கட்டுமானத்தில் காட்டுகிறது: சாதாரண நாளில் கார் போகும், பெருமழை வந்தால் காரை நிறுத்திவிட்டு அதே குழாயில் வெள்ளத்தை விடுவார்கள். புத்திசாலித்தனமான வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரயில் இல்லாமல் இல்லை. 1995இல் கொமுட்டர் புறநகர் ரயில், 1996இல் எல்ஆர்டி எனும் இலகு ரயில், 2003இல் மோனோரயில், 2016 இறுதியில் எம்ஆர்டி. ஆனால் முதலில் வந்தவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் தனித்தனியாகப் போட்டன. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இரண்டு எல்ஆர்டி தடங்களும் சந்தித்தும், ஒன்றிலிருந்து இறங்கி வெளியே வந்து மறுபடி டிக்கெட் வாங்க வேண்டியிருந்த காலம் நீண்டது. கேஎல் சென்ட்ரல் என்ற பெயர் கொண்ட மோனோரயில் நிலையம், நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இல்லை; ஒரு பேரங்காடியைக் கடந்து நடக்க வேண்டும். ஆசிய நிதி நெருக்கடியில் எல்ஆர்டி நிறுவனங்கள் கடனில் மூழ்க, 2000களின் தொடக்கத்தில் அரசே எடுத்துக்கொண்டது. இன்று மலேசியர்களுக்கு மாதம் 50 ரிங்கிட்டில் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் போகும் அட்டை கிடைக்கிறது. உண்மையிலேயே மலிவு. சிக்கல் கட்டணத்தில் கிடையாது, நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. நடைபாதை திடீரென்று முடிந்துபோகும், நடுவில் ஆறு தட நெடுஞ்சாலை குறுக்கிடும்.

சிங்கப்பூரில் எம்ஆர்டி 1987 நவம்பரில் ஓடத் தொடங்கியது; தமிழில் பெருவிரைவு ரயில். அதற்கு 12 ஆண்டு முன்பே, 1975இல், நகர மையத்துக்குள் வரும் கார்களிடம் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ரயில் வரட்டும் என்று காத்திருக்கவில்லை, முதலில் காரை நெருக்கினார்கள். இந்த வரிசைதான் முக்கியம். அப்புறம் வீவக நகரங்களை ரயில் நிலையத்தையும் பேருந்து முனையத்தையும் சுற்றி அமைத்தார்கள். நிலையத்திலிருந்து புளோக் வரைக்கும் மழை நனையாமல் போகக் கூரை போட்ட நடைபாதை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாகப் பேருந்தில் பள்ளிக்குப் போய்வருவதையும், எழுபத்தைந்து வயதுப் பாட்டி தானே சந்தைக்குப் போய்வருவதையும் அங்கே யாரும் சாதனையாக எண்ணுவதில்லை. கேஎல் தாமானில் அந்தப் பிள்ளைக்குப் பள்ளி வேன், அந்தப் பாட்டிக்கு மகனின் விடுமுறை நாள். கார் ஓட்ட முடியாதவருக்கு எந்த ஊர் நல்லது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சிங்கப்பூர் என்பேன்.

மலிவான கார் வைத்த இன்னொரு பில்லும் இருக்கிறது. கார் வாங்க முடியாத மலேசியர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். அந்த நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள், பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். சிங்கப்பூரில் அண்மை ஆண்டுகளின் எண்ணிக்கை 150க்குள். மக்கள்தொகை வித்தியாசம் ஐந்து ஆறு மடங்குதான். பெட்ரோல் மானியத்திலும் பெரிய கார் வைத்திருந்தவருக்கே பெரிய பங்கு போனது. அதைச் சரிசெய்யத்தான் 2025 செப்டம்பர் இறுதியில் அடையாள அட்டை காட்டும் மலேசியருக்கு மட்டும் லிட்டர் 1.99 ரிங்கிட், மற்றவர்களுக்குச் சந்தை விலை என்று மாற்றினார்கள்.

சாப்பாட்டு மேசை

ரொட்டி சானாயும் புரோட்டாவும் ஒன்றுதான், கேஎல்லில் முதல் பெயர், சிங்கப்பூரில் இரண்டாவதன் திரிபான பிராட்டா. வெறும் ரொட்டி கேஎல்லில் ஒன்றரை இரண்டு ரிங்கிட். சிங்கப்பூரில் ஒன்றரை வெள்ளி வாக்கில். எண் கிட்டத்தட்ட ஒன்றே, பணம்தான் வேறு. பல சாப்பாடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

சாப்பிடும் இடம்தான் இரண்டையும் வேறாக்குகிறது. தெருவோரக் கடைக்காரர்களை 1970களிலும் 80களிலும் சிங்கப்பூர் அரசு குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுவந்தது. அவைதான் உணவங்காடி நிலையங்கள், இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன, 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. பெரும்பாலானவை வீவக புளோக்குகளுக்குக் கீழே அல்லது நடக்கும் தூரத்தில். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் வார நாள் இரவுச் சமையலே நடக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். டிஷ்யூ பொட்டலத்தை மேசையில் வைத்து இடம் பிடிப்பார்கள், அதை யாரும் எடுப்பதில்லை. சாப்பிட்டு முடித்தால் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம்.

கேஎல்லின் மாமாக் கடை கார் உள்ளவர்களின் இடம். தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த கடைகள், பல 24 மணி நேரமும் திறந்திருக்கும். கடைக்குள் இருப்பதைவிட வெளியே, வண்டி நிறுத்தும் இடத்தில் போட்ட பிளாஸ்டிக் மேசைகள்தான் அதிகம். இரவு பதினொன்றுக்கு நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு நண்பர்கள் நான்கு காரில் வந்து இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு, இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரேக் ஒன்றோடு ஒரு மணிவரை உட்காருவார்கள். திரையில் கால்பந்து ஓடும். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவனால் இது முடியாது. வாரம் ஒரு நாள் தாமான் சாலையை அடைத்துப் போடும் பசார் மாலாம் இரவுச் சந்தையையும் சேர்த்துக்கொண்டால், பொழுதுபோக்கில் கேஎல் வெகு தூரம் முன்னால் நிற்கிறது. என் ஓட்டு மாமாக்குக்கு.

அக்கம்பக்கமும் இதேபோல்தான். வீவக புளோக்கின் தரைத்தளம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு. லிஃப்டில் தினமும் பார்க்கும் முகங்கள் உண்டு, பேசுகிறார்களா என்பது வேறு விஷயம். தாமானில் வீட்டு வாசலில் கார் ஏறினால் அலுவலகத்தில்தான் இறங்குவது. ஆனால் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வாசலில் கூடாரம் போட்டு ‘திறந்த இல்லம்’ வைத்து, தெருவையே கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். அதற்கு வாசல் வேண்டும், பத்தாவது மாடியில் முடியாது.

தமிழர்களுக்கு எப்படி

இந்த இடத்தில் என் வீடு-கார் விளக்கம் பாதிதான் உதவும். சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. ரயிலில், நாடாளுமன்றத்தில், வெள்ளித் தாளில் எல்லாம் தமிழ். ஆனால் தமிழ்வழிப் பள்ளி கிடையாது. கடைசியாக இருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. தமிழ் அங்கே ஒரு பாடம். மலேசியாவில் அந்தத் தகுதி தமிழுக்கு இல்லை, ஆனால் 500க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. கேஎல்லில் பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ பத்து வயதுப் பிள்ளைகள் தமிழில் கணக்குப் போட்டுச் சண்டை போடுவதைக் கேட்கலாம். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில்கூட அந்த வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்.

தைப்பூசமும் அப்படித்தான். சிங்கப்பூரில் 1968இல் அது பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போனது. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை, சாலையில் ஒரு தடத்தை ஒதுக்கிக் காவடி போகும். வழியில் இசை வாசிக்க 1973இல் விதித்த தடை அண்மை ஆண்டுகளில்தான் தளர்ந்தது. கேஎல்லில் அன்று விடுமுறை. மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவெல்லாம் ஊர்ந்து பத்துமலைக்குப் போக, கூட்டம் கூடவே நடக்கும். கொமுட்டர் ரயில் விடிய விடிய ஓடும். காரில் போனால் கதைக்காகாது என்று கேஎல்காரர்களே ஒத்துக்கொள்ளும் நாள் அது.

இரண்டு கணக்கிலும் சேராத தமிழர்களும் இருக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு வீவக வீடு என்ற கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணுவது. தமிழ்நாட்டிலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர்கள் அதில் இல்லை. அவர்களுக்கு ஊரின் ஓரத்தில் ஊழியர் விடுதிகள், ஓர் அறையில் பல கட்டில்கள். 2020இல் கொரோனா பரவியபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படி இருக்கிறார்கள் என்பதைச் சிங்கப்பூரர்களில் பலரே அப்போதுதான் உணர்ந்தார்கள். உலகின் மிகச் சிறந்த ரயில் வசதிகளில் ஒன்று இருக்கும் ஊரில், அவர்களை லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிச் செல்வது இன்றும் தொடர்கிறது. மாற்ற வேண்டும் என்று பலமுறை கேட்டாகிவிட்டது. கேஎல்லில் கட்டடத் தொழிலாளிகளுக்குக் கட்டுமான இடத்திலேயே தகரக் கொட்டகை, கொங்சி என்பார்கள். உணவகத்திலோ முடிதிருத்தகத்திலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் கடை மாடி. வீடா காரா என்ற தேர்வு இரண்டு ஊரிலும் இவர்களுக்குக் கிடையாது.

இரண்டின் பலனையும் சேர்த்து எடுக்கப் பார்ப்பவர்கள் ஜோகூர் பாருவில் இருக்கிறார்கள். வீடும் காரும் ரிங்கிட்டில், சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில். அதற்கு விலை தூக்கம்: விடிவதற்கு வெகு முன்பே கடற்பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் அணிவகுக்கும். புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே 4 கிலோமீட்டர் ரயில் தடம் ஒன்றைப் போடுகிறார்கள். 2026 இறுதியில் ஓடத் தொடங்குவது திட்டம், பயணம் ஐந்து நிமிடம். அது வந்தால் ஜோகூர் வீட்டு விலை என்னாகும் என்பதுதான் இப்போது அங்கே பேச்சு.

வேலை வாய்ப்பு வந்து இரண்டில் எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு, சம்பளத்தை ரூபாயில் மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள் என்பேன். சிங்கப்பூர் என்றால் வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டவருக்கு வீவகவில் புது வீடு வாங்கும் உரிமை இல்லை, ஓர் அறைக்கே மாதம் ஆயிரம் வெள்ளி வாக்கில் ஆகும். போக்குவரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கேஎல் என்றால் கிட்டத்தட்ட அதே தொகையின் ரிங்கிட் மதிப்பில் நீச்சல் குளத்தோடு முழு வீடே கிடைக்கலாம். ஆனால் அலுவலகம் எம்ஆர்டி அல்லது எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரமா என்று வரைபடத்தில் பாருங்கள். இல்லையென்றால் கார்த் தவணை, டோல், நிறுத்துமிடக் கட்டணம் மூன்றையும் கழித்துவிட்டுச் சம்பளத்தை எண்ணுங்கள்.